கன்னி மூலையில் ஒரு குழி

மனையில் தண்ணீர் இறங்குமா என்று சோதித்துப் பார்க்கச் சொன்ன இன்ஜினியர், அதை யார் நின்று பார்ப்பது என்று சொல்லவில்லை. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நான் போய் நின்றேன். அஸ்திவாரத்துக்குக் கல் இறக்கிய நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் நான்தான் போய் நிற்கிறேன். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கல்யாணம் பண்ணியதால்தான் வீட்டையும் ஒற்றையாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சோதனையை மட்டும் நான் அலட்சியமாக விடுவதாக இல்லை. நெய்யூர்ப் பக்கம் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில், மழை வலுத்தால் கக்கூஸ் தண்ணீர் குழிக்குப் போகாமல் எதிர்த்து வரும். எங்கள் ஊரிலோ வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். இரண்டிலும் வாளியை எடுத்துக் கோரி ஊற்றிவிட்டு, பினாயில் போட்டுக் கழுவி, குளித்து, அதன் பிறகு பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். புது வீட்டில் எனக்கு மார்பிள் வேண்டாம், பால்கனி வேண்டாம். போன தண்ணீர் திரும்பி வராமல் இருந்தால் போதும்.

வரைபடத்தில் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் வடமேற்கில், வாயு மூலையில் இருந்தன. கொத்தனார் அங்கே இடுப்பளவு ஒரு குழி தோண்டி, முந்தின நாளே தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டிருந்தார். காலையில் மறுபடியும் ஊற்றி, ஒரு கம்பை நட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் கீறி வைத்தோம். மத்தியானம் பார்த்தபோதும் தண்ணீர் அந்தக் கீறலிலேயே நின்றது. மேலே லாரியில் கொண்டுவந்து அடித்த செம்மண் இருந்தாலும் அடியில் இருப்பது பழைய வயலின் களிமண். விற்றவர் எங்களுக்குச் செம்மண்ணைத்தான் காட்டினார்.

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். வேறு இடத்தில் பாருங்கள் என்றார். மனையின் தென்மேற்கு ஓரத்தில் முன்பு தென்னை நின்ற ஒரு மேடு உண்டு. மணல் கலந்த மண். அங்கே தோண்டி ஊற்றினால், ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. மண் நன்றாக ஊறிய பிறகும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. எனக்கு உயிர் வந்தது. கொத்தனாருக்கு முகம் கறுத்தது.

"டீச்சரே, இது கன்னி மூலையில்லா. இங்கன குழி எடுத்தா குடும்பத் தலைவருக்கு ஆவாது. ஒங்க வீட்டு சார்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் நாங்கள். கல் போட்டபோது போதகர் வந்து ஜெபம் செய்தார். அவர் வருவதற்கு முந்தின வாரமே வரைபடத்தை வாஸ்து ஆசாரியிடம் காட்டிச் சரிபார்த்திருந்தோம். எங்கள் சபையில் வீடு கட்டுகிற முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான், வெளியே சொல்லமாட்டோம். கன்னி மூலை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பயம் இருந்தது. அங்கே தோண்டிய பிறகு கணவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நான் அந்தக் குழியைத்தான் நினைப்பேன்.

சாயங்காலம் வேலை முடிந்து அவர் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா மொகத்தைத் தூக்கி வச்சிட்டு நிக்கே? தண்ணி எங்க இறங்குதோ அங்க தோண்டு."

"தலைவருக்கு ஆவாதுன்னு சொல்லுதாரு."

"நா எங்க தலைவன்? நா பணம் அனுப்புகவன். கல்லு இறக்குகது நீ, கொத்தனார்ட்ட மல்லுக்கு நிக்கது நீ. நம்ம குடும்பத்துக்குத் தலை நீதான், கேட்டியா."

"அப்படின்னா அது என் தலைக்கில்லா வரும்" என்றேன்.

வேடிக்கைக்குத்தான் சொன்னேன்.

"அந்த வாயு மூலையில இன்னொரு தடவை ஊத்திப் பாரேன்" என்றார், குரல் இறங்கி. "ஒருவேளை இறங்கும்."

தன் தலைக்கு என்றபோது சிரித்த மனுஷன். நான் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டு வேலை தொடங்கிய இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அழுகை வந்தது. கொத்தனார் பார்க்காததுபோல் மம்பட்டியைக் கழுவப் போனார்.

"இறங்காது. பாத்துப் பாத்து எனக்கு மடுத்துப் போச்சு" என்றேன். "நாளைக்கு கன்னி மூலையிலேயே தோண்டச் சொல்லுதேன். எனக்கு ஒண்ணும் வராது. நீங்க சீக்கிரம் வந்து சேருங்க."