அவர் குடித்த டம்ளர்

அண்ணன் இறந்த மறு வருடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் காசநோய்க்கு மருந்து கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லூரியில் கேட்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

அண்ணன் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போனவன். சளியில் ரத்தம் வந்ததும் அம்மா அவனைக் கொல்லைப்புற அறைக்கு மாற்றினாள். தட்டும் டம்ளரும் தனி. சோறு கொண்டுபோவது என் வேலை. வாசலில் வைத்துக் காலால் உள்ளே தள்ளுவேன்.

"கையில குடுத்தா என்னட்டி?" என்று ஒருநாள் கேட்டான். காது கேட்காதவள் மாதிரி வந்துவிட்டேன்.

பயிற்சியின் முதல் வாரமே டாக்டரிடம் கேட்டேன். தட்டு, டம்ளரால் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும் என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சுந்தரபாண்டியத்துக்கு அனுப்பினார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்திய ஒருவரைத் தேடிப் போனேன். வயல் வேலை செய்தவர். வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் தனியாகக் கிடந்தார். அவர் மனைவியை நான் பக்கத்து வீட்டார் முன்னிலையிலேயே திட்டினேன். கட்டினவனை இப்படிப் போடலாமா, ஒரே டம்ளரில் குடித்தால் ஒன்றும் வராது என்றேன்.

அவள் போய் அவருடைய டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"அவிய குடிச்ச டம்ளருதான். குடிங்க."

வாங்கிக்கொண்டேன். படித்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் கை வாய்வரை வரவில்லை. அவர் படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாகமில்லை என்றேன்.

"அந்தப் பிள்ளைய விடுட்டி," என்றார் அவர். "அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளதான."

அவள் டம்ளரை வாங்கித் தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். அதற்குப் பிறகு யார் போனாலும் அவர் மாத்திரை வாங்கவில்லை. என் பயிற்சி முடியுமுன் இறந்துபோனார்.

அந்தச் செய்தி வந்த அன்று, வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. என் வெட்கத்தை யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"நீதான அவனத் தனியாப் போட்ட," என்றேன்.

அம்மாவின் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. பிறகு களைந்து உலையில் போட்டாள். சாகும்வரை என்னிடம் அண்ணனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.