ஹாலம் விழுந்த பக்கம்

வேலையில் சேர்ந்தபோது, கல்யாணத்தைப் பதிந்தபோது, பாஸ்போர்ட் எடுத்தபோது என்று காளிதாஸ் பிறப்புப் பத்திரத்தை உருவும் ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதமும் கூடவே எட்டிப் பார்க்கும். உள்ளே தள்ளிவிடுவார். இப்படியே ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டார், பாவி மனுஷன்.

அது ஒரு பழைய போர் காமிக்ஸின் கடைசிப் பக்கம். சிறுவயதில் காஹாங் எஸ்டேட்டில் அவரும் தம்பி ஜெயபாலனும் அந்தத் தொடர் என்றால் உயிரையே விடுவார்கள். பிரிட்டிஷ் விமானி ஹாலம் அண்ணன் கட்சி. ஜெர்மன் விமானி ப்ரான்ட் தம்பி கட்சி. எவன் கட்சி விமானம் விழுகிறதோ, அவன் அடுத்த புத்தகம் வரும்வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இருவரும் போட்டுக்கொண்ட சட்டம் அது.

ஒரு புத்தகத்தில் ஹாலம் விழுந்தான். முதலில் படித்த பன்னிரண்டு வயதுக் காளிதாஸுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தைக் கிழித்து ஒளித்துவிட்டு, "கடைசிப் பக்கம் பஸ்ஸுல பறந்துருச்சு. உன் ஆளு காலி" என்று சத்தியம் செய்தான். ஒன்பது வயது ஜெயபாலன் நம்பி வாயை மூடிக்கொண்டான். அந்த வாரம்தான் குளுவாங் ஆஸ்பத்திரியில் நோயில் கிடந்த அப்பா, "ஜெயா, ஒரு வார்த்தை பேசுய்யா" என்று கெஞ்சினார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பக்கத்தில் நின்ற காளிதாஸ் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நின்றான். மறுநாள் அப்பா போய்விட்டார்.

"கடைசிவரைக்கும் பேசாம நின்னேனே" என்று ஜெயபாலன் ஒவ்வொரு திதிக்கும் புலம்புவார். காளிதாஸ் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

இப்போது ஜெயபாலனுக்குத் தொண்டையில் புற்றுநோய். செவ்வாய்க்கிழமை குரல்வளையை எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு சொன்னால் தம்பியால் திட்டக்கூட முடியாது. ஞாயிறு மதியம் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் காளிதாஸ் காகிதத்தை நீட்டி, நடந்ததைச் சொல்லி முடித்தார்.

ஜெயபாலன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஹாலமின் விமானம் புகையோடு கடலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப வாயை மூடியிருக்க வேண்டியது நீங்கதாண்ணே."

"ஆமா தம்பி. என்னைய..."

"பேசாதீங்க. சட்டம் சட்டம்தான்லா."

காளிதாஸ் வாயை மூடினார். ஜெயபாலன் கண்ணை மூடிக்கொண்டு, கரகரத்த தொண்டையைச் செருமினார்.

"அப்பா, ஜெயா பேசுறேன். கணக்குல மூணாவதா வந்திருக்கேன்ப்பா. உங்க சைக்கிளத் தொடச்சு வச்சிருக்கேன்."

பார்வையாளர் நேரம் முடியும்வரை அவர் நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்க வந்த காளிதாஸ், இந்த முறை சட்டத்தை மீறவில்லை.