ஆறு வயதில் வந்த பல்

பல் வலிக்கு மருந்து தெரியாத ஆளை எங்கள் பக்கத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. அப்போது போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, "எம் மகளுக்குக் கடவாய்ப் பல்லு வலிக்குது" என்று வண்டியில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். போடிமெட்டுக்கு ஏறுவதற்குள், காய் பறிக்கப் போகும் பெண்கள் ஏழெட்டு வைத்தியம் சொல்லிவிட்டார்கள்.

"கிராம்ப நசுக்கி வைங்கண்ணே."

"உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொல்லுங்க."

"என்னத்துக்குங்கிறேன்? ரெண்டாப்பு படிக்கிற பிள்ளைக்குப் பால் பல்லுதான. புடுங்கிப் போட்டா முளைச்சிட்டுப் போகுது. எம் மகளுக்கு நாலு புடுங்குனோம். நாலும் ஆனத் தந்தம் மாதிரி நிக்கிதுல்ல!"

"ஊருக்கெல்லாம் சொலவடை சொல்ற அண்ணன், ஒத்தப் பால் பல்லுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓட்டுறாரு. வளைவப் பாத்து ஓட்டுங்கண்ணே, நாங்களும் பிள்ள குட்டிக்காரிகதான்."

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சனங்களின் வாயிலிருந்துதான். பத்துப் பேர் வாயில் புழங்கும் சொல் பொய்யாகாது என்று நம்பியிருந்தேன். விழுந்தால் முளைக்கும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் விளக்கைப் பிடித்து நன்றாகப் பார்த்தார். "இது பால் பல்லு இல்லைங்க, நிலைக்கிற பல்லு. தேனியில குழந்தைகளுக்குன்னே படிச்ச பல் டாக்டர் இருக்காங்க. எடுக்கிறதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒருக்கா காட்டிருங்க" என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அந்த இடத்துல ஒரு பல்லும் விழலையே சார். பழசு விழாம புதுசு எப்படி வரும்?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல நான் விடவில்லை. பறிப்பு நேரம். விடிந்தால் இரண்டு நடை போக வேண்டும். பிள்ளையோ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "எம் பொறுப்பு சார், எடுத்துருங்க" என்றேன்.

மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவள் இரண்டு கைகளையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். காலில் முள் குத்தினாலும் "அப்பா" என்று கத்துகிற பிள்ளை. அன்று அவள் என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல் பல்லைச் சாணிக்குள் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னேன். தகரத்தில் 'டொக்'கென்று விழுந்தது.

"எப்பப்பா முளைக்கும்?" என்றாள், பஞ்சைக் கடித்தபடி.

"வெரசா வந்துரும் ஆத்தா."

அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கும் மேலாக அந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்ப்பதே அவளுக்கு வேலை. முன்பற்கள் ஆடின, விழுந்தன, அகலமாக முளைத்தன. கீழே இடது பக்கத்தின் கடைசி இடம் மட்டும் வெறும் ஈறாகவே கிடந்தது. கேட்கும்போதெல்லாம், "பொறுத்தார் பூமி ஆள்வார் ஆத்தா" என்பேன். அவளும் என் மகள்தானே, சொல்லை நம்பினாள்.

நாலாம் வகுப்பு தொடங்கிய சமயத்தில் வலது பக்கம் வலி வந்தது. என் மனைவி ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை பார்க்கிறாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. "இந்தத் தடவ தேனிக்குத்தான் போறோம். அந்தக் குழந்தப் பல்லு டாக்டர்கிட்ட" என்றாள்.

"சின்னப் பல்லுக்குச் சின்னக் கொறடா வச்சிருப்பாகளோ?"

"நக்கலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அந்தப் பக்கம் முளைக்காமக் கெடக்கே, அதுக்கு ஒரு சொலவடை சொல்லுங்க பாப்போம்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தேனி டாக்டர் சின்ன வயதுப் பெண். மகள் உள்ளே வந்ததுமே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அவளைத் தொடவே இல்லை. "அப்பா, நீங்க வந்து நாற்காலியில படுங்க" என்றார் என்னிடம். சின்னக் கண்ணாடி ஒன்றை மகளிடம் கொடுத்து, "உங்க அப்பாவுக்கு எத்தனை பல்லுன்னு எண்ணிச் சொல்லு பாப்பா" என்றார். மகளின் கை மெல்ல இறங்கியது. எண்ணினாள். நடுவில் நிறுத்தி, "அப்பாவுக்குப் பல்லு பூராம் வெத்தலக் கறை" என்று அறிவித்தாள். என் மனைவி திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

பிறகு தானாகவே ஏறிப் படுத்து வாயைத் திறந்தாள். டாக்டர் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தவர், "இந்தப் பக்கம் ஆறு வயசுப் பல்லு எங்க?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அது எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி புதுசா வர்ற பல்லுப்பா. அதனாலதான் எல்லாரும் பால் பல்லுன்னு நெனைச்சிர்றாங்க. முளைச்ச புதுசுல மேல பள்ளம் பள்ளமா இருக்கும், இனிப்பு ஒட்டிக்கும். அப்பவே காட்டியிருந்தா பள்ளத்த மூடிப் பூசி விட்டிருப்போம்."

மலையிலிருந்து இறங்கும்போது தினமும் என் சட்டைப்பையில் மகளுக்கு நாலு மிட்டாய் இருக்கும். அதைக் கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

படுத்திருந்த மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப அது இனிமே முளைக்காதா?" என்றாள்.

டாக்டரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதிலாக டாக்டர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"முளைக்காது ஆத்தா" என்றேன். "அப்பா தெரியாமச் சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை. நாக்கு அந்த இடத்துக்குப் போனது கன்னத்தில் தெரிந்தது.

வலது பக்கமும் அதே பல்தான். பாதி நரம்பு கெட்டுவிட்டது. வேரின் நுனி இன்னும் வளர்ந்து மூடவில்லை. கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு மிச்ச நரம்பைக் காப்பாற்றினால், பல் உயிரோடு இருந்து வேரை வளர்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். நிச்சயமா என்று கேட்டேன். "முயற்சி செய்வோம். ஆறு மாசம் கழிச்சு எடுக்கிற படம்தான் சொல்லும்" என்றார்.

வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கருவியையும் மகளிடம் காட்டினார். இது தண்ணி பீச்சும், இது எச்சிலை உறிஞ்சும், இது வண்டு மாதிரி ரீங்காரம் போடும். "வலிச்சாலும் பயந்தாலும் இடது கையத் தூக்கு. உடனே நிறுத்திருவேன்."

நான் பழக்கத்தில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். "நீ பிடிக்காதப்பா" என்றாள்.

வண்டுச் சத்தம் தொடங்கியதும் கையைத் தூக்கினாள். சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது, மறுபடி தூக்கினாள். மறுபடியும் நின்றது. வலியில் தூக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. இந்த டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்று சோதித்துப் பார்க்கிறாள். மூன்றாம் தடவை கை அசையவில்லை. அரை மணி நேரம், ஒன்பது வயதுப் பிள்ளை, ஒருவரும் பிடிக்காமல் படுத்திருந்தாள். சுவரோரம் நின்று என் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தேன்.

பஸ்சில் போடி திரும்பும்போது சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.  பாதி வழியில், மருந்தில் மரத்துப்போன உதட்டோடு, "இந்தப் பல்லப் புடுங்கணும்னு யாராச்சும் சொன்னா, மொதல்ல எங்கிட்டக் கேளு" என்றாள்.

"கேக்குறேன் ஆத்தா."

"வண்டியில வர்ற ஆளுகள்கிட்ட இல்ல. எங்கிட்ட."

அந்த ஆறு மாதமும் மிட்டாய் வாங்கவில்லை. அவள் ராத்திரி பல் விளக்கிவிட்டு வந்து, கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவாள். ஒன்றும் புரியாவிட்டாலும் குனிந்து பார்ப்பேன். வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று. வாய்க்கு வந்த எந்தச் சொலவடையும் சொல்லவில்லை.

குறித்த நாளில் மூவரும் தேனிக்குப் போனோம். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மகளிடம் கொடுத்தார். "வேர் நுனி இங்க திறந்திருந்துச்சுல்ல, இப்பப் பாரு" என்று விரலை வைத்துக் காட்டினார். மகள் இரண்டையும் விளக்குக்கு நேரே பிடித்து மாறி மாறிப் பார்த்தாள். அவசரமே படவில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"மூடிருச்சு" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.