செங்கல் உடைக்கிற பெட்டி

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். நான் ஒன்றை மட்டும் மூடிக்கொண்டு, மற்றதால் பக்கத்து நாற்காலி அம்மாளின் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வரிசை வரிசையாகச் செங்கல், கீழே ஒரு சின்னக் கட்டை, நடுவில் ஒரு பந்து. பந்து போய் இடித்தால் ஒரு செங்கல் மறையும். திரும்பி வருகிற பந்தைக் கட்டையால் தடுத்து மேலே அனுப்ப வேண்டும். ஆட்டமே அவ்வளவுதான். பந்தைத் தவறவிட்டதும் அந்த அம்மாள் தன் நெற்றியில் தட்டிக்கொண்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். எனக்கு உடனே நல்லெண்ணெய் வாசனை அடித்தது. சுற்றிலும் இருந்தது பினாயில் வாசனைதான்.

நல்லெண்ணெய்க்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எண்பதுகளின் நடுவில் குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் திறந்திருந்த ஒரு வீடியோ கேம் கடையில் நான் வேலை பார்த்தேன். முதலாளி செல்லையா அண்ணாச்சிக்குத் தென்காசியில் சைக்கிள் கடை. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், இரண்டு பேப்பர் அரியர். அதில் ஒன்று எலக்ட்ரானிக்ஸ். அண்ணாச்சி அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டி ரிப்பேர் ஆனால் நான் பார்த்துக்கொள்வேன் என்று அவரும், ரிப்பேரே ஆகாது என்று நானும் நம்பினோம்.

கடையில் மூன்று பெட்டிகள். ஒன்று கார் ஓட்டுவது, ஒன்று விமானத்தைச் சுடுவது. இரண்டும் கலர், இரண்டும் கூப்பாடு. மூன்றாவது செங்கல் உடைக்கிற பெட்டி. கறுப்பு வெள்ளைத் திரைமேல் கலர் கண்ணாடிக் காகிதத்தைப் பட்டை பட்டையாக ஒட்டிக் கலர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டையும் விற்றவன் கூடவே தள்ளிவிட்ட சனியன் என்று அண்ணாச்சி சொல்வார். கூட்டம் என்னவோ அந்தச் சனியனிடம்தான். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போகிறவர்கள், தண்ணீரில் கூட்டம் குறையட்டும் என்று நம் கடைக்குள் நுழைவார்கள். கட்டையை நகர்த்துகிற திருகு ஒரு மணி நேரத்தில் எண்ணெயில் ஊறி வழுக்கும். அதனால் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சீயக்காய்த் தூள் டப்பாவும் வைத்திருந்தேன். கை கழுவாதவனுக்குப் பெட்டியில் போடுகிற வில்லை கிடையாது. நான் படித்த பிசிக்ஸ் அந்த வேலையில் பயன்பட்டது அவ்வளவுதான்.

சொல்லாமலே கை கழுவிவிட்டு வருகிறவர் ஒருவர்தான், மாடசாமி அண்ணன். இலத்தூர்க்காரர், ஐம்பது வயது, மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்து விடுகிறவர். மலையில் மழை கொட்டி, அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டுவிட்டால் அவருக்கு வேலையில்லை. நேராக நம்மிடம் வந்துவிடுவார். திருகை இரண்டே விரலால் பிடிப்பார், நாடி பார்க்கிற மாதிரி. கடைசி வரிசைச் செங்கல் வரைக்கும் அந்தக் கடையில் போனவர் அவர் மட்டும்தான். அதிலும் மூலையில் நாலைந்து மிஞ்சிவிடும். அதையும் துடைத்துவிட வேண்டும் என்பது அந்த வருடம் அவருக்கு ஒரு வைராக்கியம்.

இந்த ஓட்டைப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது, காரை ஓட்டிப் பாருங்களேன் என்று ஒருநாள் கேட்டேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அதுல நான் என்ன செஞ்சேம்னு தெரியுததுக்குள்ள செத்துப் போறேன். இதுல செத்தா ஏன் செத்தேம்னு தெரியுது. அடுத்த வாட்டி சரியாச் செய்வம்னு தோணுது பாத்தியா, அதுக்குத்தான் வருதேன்."

சில ஆட்டங்கள் மட்டும் ஏன் வருடக்கணக்காகச் சலிப்பதில்லை என்று பிற்காலத்தில் பலர் பலவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருவரும் சொல்லிவிடவில்லை.

ஆடி மாதம் செல்லையா அண்ணாச்சி வந்து பெட்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஒரே ஆள் ஒரே வில்லையில் இவ்வளவு நேரம் நின்றால் பின்னால் நிற்கிறவன் ரூமுக்குப் போய்விட மாட்டானா என்பது அவர் கவலை. "ஏலே, அதக் கொஞ்சம் முடுக்கி விடு" என்றார். பெட்டியின் வயிற்றுக்குள் அரிசி அரிசியாகச் சின்னச் சுவிட்சுகள் உண்டு. பெட்டியோடு வந்த காகிதத்தைப் பார்த்து இரண்டைத் தள்ளினேன். பந்து வேகமாயிற்று, கட்டை பாதியாயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஊதச் சொன்னவர் அவர், ஊதினவன் நான்.

சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. தோற்றவன் எல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனான். கார் பெட்டியில் தோற்றால் பெட்டியை உதைப்பார்கள். இதில் தோற்றால் தன் தப்பு என்றே அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அந்த ஆட்டத்தின் நல்ல குணம் அது. அதை வைத்துத்தான் நாங்கள் ஏமாற்றினோம்.

மாடசாமி அண்ணன் அன்று இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஆட்டத்தை முடித்துவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தார், இடது கையால் அமுக்கிப் பார்த்தார், போய்விட்டார். வெள்ளம் வடிந்து குளிக்க விட்டார்கள். அவர் வேலைக்கு உட்காரவில்லை.

நாகர்கோவிலில் இருந்து வருடம் தவறாமல் வருகிற ஒரு காண்ட்ராக்டர் உண்டு. மாடசாமி அண்ணன் கை தவிர வேறு கை தன் மேல் பட விடமாட்டார். அவர் வந்து உட்கார்ந்தபோது, கை சரியில்லை என்று சொல்லி இவரே பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிற முருகனிடம் அனுப்பிவிட்டாராம். கடைக்கு வந்த ஒருவர்தான் இதைச் சொன்னார். தன் அப்பாவுக்கும் இதே வயதில்தான் கை நடுங்க ஆரம்பித்தது, கழுத்தைப் பிடித்துவிடும்போது நடுங்கினால் ஆள் என்னாவான் என்று புலம்பிக்கொண்டிருக்கிறாராம்.

உண்மையைச் சொன்னால் அருவிக்கரை முழுக்கப் பரவும், என் வேலை போகும். இது தெரிந்ததால் ஒரு முழு நாள் சும்மா இருந்தேன். அந்த ஒரு நாளுக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். மறுநாள் காலையில் சுவிட்சுகளைப் பழையபடி தள்ளிவிட்டு, கடையைத் திறக்காமல் அருவிக்குப் போனேன். மாடசாமி அண்ணன் படிக்கட்டில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒங்க கையில ஒண்ணுமில்ல. பெட்டிய முடுக்கி வச்சது நாந்தான்."

அவருக்குப் புரியவில்லை. சுவிட்சு, பந்தின் வேகம், கட்டையின் நீளம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நாலைந்து பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தார்.

"முப்பது வருசமா இந்தக் கைய வச்சுத்தான் சோறு திங்கேன். இதக் கேக்காம ஒன் பெட்டியக் கேட்டுட்டேன் பாரு" என்றார்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. என் வேலை தப்பியது. பழைய வேகத்தில் பந்து ஓடவும் கூட்டம் கூடிற்று. அடுத்த வாரம் வந்த அண்ணாச்சி, "பாத்தியாலே, முடுக்கி விட்டதும் கூட்டம் எப்பிடி அம்முதுன்னு" என்றார். ஆமா அண்ணாச்சி என்றேன். மாடசாமி அண்ணன் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தார். கடைக்கும் எப்போதாவது வருவார், மற்றவர்கள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்ப்பார். வில்லை கொடுத்தால் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்.

அடுத்த வருடச் சீசனில் அந்த நாகர்கோவில் காண்ட்ராக்டர் வந்தபோது நானும் அருவிக்கரையில் இருந்தேன். மாடசாமி அண்ணன் எழுந்து துண்டை உதறிப் போட்டார். காண்ட்ராக்டர் அவரைப் பார்த்துச் சிரித்து, கை எப்படி இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, முருகனிடம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாடசாமி அண்ணன் உதறிய துண்டை மடித்து வைத்தார். நான் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அதற்கடுத்த வருடம் அவர் வரவில்லை. திருப்பூரில் மகனோடு பனியன் கம்பெனியில் இருக்கிறார் என்று இலத்தூரில் சொன்னார்கள். நானும் அரியரை முடித்துக்கொண்டு மெட்ராஸ் வந்துவிட்டேன். பிறகு வீட்டு டி.வி.யிலேயே எல்லா ஆட்டமும் வந்துவிட்டது, அண்ணாச்சி மூன்று பெட்டிகளையும் இரும்பு விலைக்குப் போட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிறார்கள். அந்தச் செங்கல் ஆட்டம் மட்டும் இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே எவன் எதைத் தள்ளி வைத்திருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. முடுக்கி வைத்தது நான்தான் என்று எழுந்து வந்து அருவிக்கரையில் சொல்லவும் ஆளில்லை.