நிலவு எச்சில் தெறித்த மாலை

மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டு அது. நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் என் நடையிலேயே தெரிகிறது என்பாள் அம்மா.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த வாசகர் மன்றத்தில் நிலவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பா, தன் கூட்டாளிகளை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். சூரியனிலிருந்து ஓயாமல் பாய்ந்துவரும் நுண்துகள்களுக்குச் 'சூரியக் காற்று' என்று பெயர் சொல்லிவிட்டேன். அது காற்றே இல்லாத நிலவின் தரையில் மோதும்போது நடப்பதை ஆங்கிலத்தில் 'ஸ்பட்டரிங்' என்பார்கள். அகராதியில் 'எச்சில் தெறிக்கப் பேசுதல்' என்று போட்டிருந்தது. 'பேசுதல்' மட்டும் பொருந்தவில்லை என்று அதை வெட்டிவிட்டேன்.

"சூரியக் காற்று படுவதால் நிலவு எச்சில் தெறிக்கிறது" என்றேன், மிகத் தெளிவாக.

"நெலாவுக்குப் பல்லு போயிடுச்சா தங்கச்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வெத்தல போட்டிருக்கும் லா!" என்றார் இன்னொருவர்.

மன்றமே சிரித்தது. விளக்க முயன்றபோதெல்லாம் அதே சொல்தான் வாயில் வந்தது. அவர்களும் அதே மாதிரி சிரித்தார்கள். காது மடல் எரிய, பாதியிலேயே முடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரும்பி நடக்கும்போது அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சிடுமூஞ்சிப் பயலுவ அத்தன பேரையும் சிரிக்க வெச்சிட்டியே ஆயி! இன்னைக்கு வராதவனுக்கெல்லாம் நாளைக்கு வேலையில சொல்லணும், நெலா எச்சி துப்புற கதைய."

நான் வேண்டுமென்றே வேடிக்கையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் துறைமுகம் முழுக்க அந்தச் சொல் என் பெயரில் போவதை என்னால் தாங்க முடியவில்லை. வழியில் ஒரு காப்பிக்கடையில் இருவர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அது எச்சில் இல்லப்பா. அங்க பாருங்க, ஸ்ட்ரைக்கர் வேகமா வந்து அடிச்சா சில சமயம் காய் பலகைய விட்டே எகிறிடும்ல? சூரியன்லேர்ந்து வர்ற துகள்தான் ஸ்ட்ரைக்கர். நெலா மண்ணுல இருக்கிற அணுதான் காய்."

"எகிறுனது திரும்பக் கீழ விழாதா?"

"கொஞ்சம் விழும். வேகமா கெளம்புனது அப்படியே வானத்துக்குப் போயிடும். நெலாவுக்கு இழுப்பு கம்மி."

"நமக்கு ஏன் அப்படி ஆகல?"

"பூமியச் சுத்தி காந்த சக்தி இருக்கு, காத்து இருக்கு. ரெண்டும் தடுத்துடும்."

"அப்படின்னா நெலா தேஞ்சு போயிடுமே!"

"கோடி வருஷத்துல ஒரு காகிதக் கனம் தேஞ்சாலே பெருசுப்பா."

மன்றத்தில் ஒருவருக்கும் புரியாதது அவருக்கு நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

"அப்ப எச்சி எங்கேர்ந்து வந்துச்சு?"

"தப்பான சொல்லுப்பா. தெரியாம சொல்லிட்டேன்."

"அப்ப அவனுங்க சிரிச்சது..."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"நானும்ல சேந்து சிரிச்சேன்" என்றார் அப்பா. தோள் துண்டை எடுத்து, வியர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார்.