கபூர் பாய் வீட்டுப் பெட்டிக்குள் ஒரு பாலம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு 'அஞ்சு நிமிஷ வேலை'க்காக வீட்டை விட்டுக் கிளம்பினேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. திரும்பி வரும்போது ஐந்தரை.

வேலை இதுதான். டிவி பெட்டியில் ரெக்கார்டு செய்து வைத்த ஒரு நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். உத்திரமேரூரில் பதினாறு வருடம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவள் நான். சென்டரை மூடிய பிறகும் ஊரில் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'தான். எனக்குத் தெரியாத வயரா? கேட்டவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

கேட்டவர் எஸ்தர். திருப்புலிவனம் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊர்க்காரர். பதினாறு பெண்கள் உள்ள நடவுக் குழுவுக்குத் தலைவி. அவருடைய இளைய மகள் என்னிடம் டைப்பிங் படித்தவள்.

அவர்கள் ஊருக்கும் வயல்வெளிக்கும் நடுவே ஒரு ஏரிக்கால்வாய் ஓடுகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். சோற்றுத் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் குழுவில் ஒரு பெண் கால் வழுக்கி, தண்ணீர் இழுத்துக்கொண்டு போய், கருவேல முள்ளில் சிக்கியதால் பிழைத்தாள். ஒரு சின்னப் பாலம் போதும். எத்தனை மனு கொடுத்திருப்பார்கள் என்று அவர்களுக்கே நினைவில்லை.

போன வருடம் ஒரு டிவி சேனல்காரர்கள் அங்கே வந்தார்கள். ஊர்மக்கள் கேள்வி கேட்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பதில் சொல்வார் – அந்த மாதிரி நிகழ்ச்சி. எஸ்தர் மைக்கை வாங்கிப் பாலத்தைப் பற்றிக் கேட்டார். பொங்கலுக்குள் கட்டித்தருகிறோம் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். ஊரே கைதட்டியது.

பொங்கல் வந்தது. போனது. அதிகாரியும் மாற்றலாகிப் போய்விட்டார். ஆபீசில் போய்க் கேட்டால், 'அப்படி யார் சொன்னது, எழுத்தில் இருக்கிறதா?' என்கிறார்கள். இதோ ஆடி பிறந்துவிட்டது. அடுத்த மழைக்கு இன்னும் மூன்றே மாதம்.

சேனலின் யூடியூப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பத்து நிமிடமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் பாலமும் இல்லை, எஸ்தரும் இல்லை.

முழு நிகழ்ச்சியும் இருப்பது ஒரே இடத்தில்தான். உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கபூர் பாய் வீட்டில். வாடிக்கையாகக் கடைக்கு வரும் எஸ்தர் டிவியில் வரப்போகிறேன் என்று சொன்னதும், பாய் பெருமையாக ரெக்கார்டிங் போட்டுவிட்டார். அவர் வீட்டு செட்டாப் பாக்ஸில் ஒரு ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறது. அதில் எஸ்தர் ஒரு மணி நேரம், மீதியெல்லாம் பாய் மனைவியின் சீரியல்.

சிக்கல் என்னவென்றால், டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் பெட்டி இருப்பதிலேயே பழைய பதிவைத் தானாக அழித்துவிடும். இருப்பதிலேயே பழையது எது? எஸ்தர்தான். இடமோ இன்னும் நான்கைந்து எபிசோடுக்குத்தான் இருந்தது. சீரியலில் மாமியார் இன்னும் திருந்துகிற மாதிரி தெரியவில்லை... அதனால்தான் இந்த அவசரம்.

எஸ்தரோடு பாய் வீட்டுக்குப் போய் டிஸ்க்கைப் பிடுங்கினேன். என் லேப்டாப்பில் செருகினேன். 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் ஓகே கொடுத்துப் பழகிய விரல் என்னுடையது. அது பாட்டுக்கு அந்தப் பட்டனில் போய் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னா கேக்குது டீச்சர் அது?"

படித்துச் சொன்னேன். ஃபார்மட் என்றால் என்ன என்றார். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. ஃபார்மட் என்றால் துடைத்துச் சுத்தமாக்குவது. எஸ்தரையும் சேர்த்து.

"கேக்கறதுக்கெல்லாம் சரி சொல்லிக்கினு இருந்தா எப்படி டீச்சர்?" என்றார். பதினாறு வருட சர்வீஸ் அப்படியே கப்பலேறியது.

ஆனால் நான் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. வேறொரு மென்பொருளைப் போட்டு, டிஸ்க்கைத் திறந்து, அந்த ஃபைலைக் கண்டுபிடித்து, லேப்டாப்பில் நகலும் எடுத்துவிட்டேன். பாய் டீ வரவழைத்தார். ஃபைலைத் திறந்தேன். படமும் இல்லை, சத்தமும் இல்லை. எல்லாவற்றையும் பூட்டுப் போட்டுத்தான் பதிவு செய்கிறார்கள். சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வேறு வீட்டுப் பெட்டியில் போட்டால்கூட ஓடாது.

உங்கள் வீட்டு டிவி, உங்கள் கரன்ட், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க். ஆனால் பதிவு உங்களுடையது இல்லை! இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் வைத்துவிடலாமா என்று பாய் கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிவியையும் தூக்கத் தயாராக இருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய குட்டிக் கருவி ஞாபகம் வந்தது. கல்யாண வீடியோ கேசட்டுகளை சிடியாக மாற்ற, சென்டரில் ஒரு காலத்தில் வைத்திருந்தேன். ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின். மறுபக்கம் யுஎஸ்பி. டிவிக்குப் போகிற படத்தை அப்படியே வழிமறித்து லேப்டாப்புக்குள் அனுப்பிவிடும். வீட்டுக்கு ஓடி, பரணைக் குடைந்து எடுத்து வந்தேன். டிஸ்க்கை மறுபடி பெட்டியில் மாட்டிவிட்டு, கருவியைச் செருகினேன். லேப்டாப்பில் எஸ்தர் ஊர் ஆலமரம் தெரிந்தது. பாய்க்கு முன்னால் நான் நிமிர்ந்து உட்கார்ந்த உட்காரலைப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் ஒரே ஒரு கஷ்டம். ஒரு மணி நேர நிகழ்ச்சியை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஓட்டிவிட முடியாது, விளம்பரத்தைக்கூட. பாய் மனைவி தன் சீரியலின் மறு ஒளிபரப்பைத் தியாகம் செய்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். எஸ்தர் இந்த நிகழ்ச்சியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஒளிபரப்பானபோது அவர் வயலில் இருந்தார்.

நாற்பதாவது நிமிடத்தில் பாலம் வந்தது. திரையில் எஸ்தர் கேட்கிறார்: "பொங்கலுக்குள்ள கட்டிக் குட்த்துடுவீங்களா சார்?" அதிகாரி சிரிக்கிறார். தலையை ஆட்டுகிறார். கைதட்டல். விளம்பரம்.

அவ்வளவுதான்.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மூன்று முறை. ஒரு வார்த்தை இல்லை. பாய் மட்டும், அதிகாரி சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்தார். மொத்த ஊரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பொங்கல் என்ற சொல்லைச் சொன்னதே எஸ்தர்தான்!

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தலையாட்டல் எந்த ஆபீசில் செல்லும்? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். எஸ்தர் என்னைப் பார்த்த பார்வை, கூட்டல் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"தலைய ஆட்னாரா இல்லியா டீச்சர்? அது போதும். நீங்க நாளைக்கி இத்த எட்த்துக்கினு வாங்க."

மறுநாள் திங்கள், மனு வாங்கும் நாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எஸ்தரோடு அதே ஆபீசுக்கு நானும் போனேன். புதிய அதிகாரி பொறுமையானவர். அந்தக் காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு நான் பயந்ததையே கேட்டார்: அவர் எந்த வாக்குறுதியும் கொடுத்த மாதிரி தெரியவில்லையே அம்மா?

எஸ்தர் குரலை உயர்த்தவில்லை.

"சார், நெலத்துக்காரர் வண்டில வருவாரு. நாளைக்கி காலீல ஏழு மணி, பத்து ஆளு, சரியான்னு நான் கேப்பேன். அவரு தலைய ஆட்டுவாரு. பேப்பர் கெடையாது, அட்வான்ஸ் கெடையாது. வெடிஞ்சா பத்து பேரும் சேத்துல நிப்போம். தலைய ஆட்டிட்டு, வேற ஆளு வெச்சிக்கினேன்னு ஒர்த்தர் சொல்லிட்டா, அப்பறம் அவரு நெலத்துல எங்க ஊரு பொம்பள ஒருத்தி கால் வெக்க மாட்டா. எங்களுக்கு அது வார்த்த சார். ஒங்களுக்கு இன்னா அது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? ஊர் ஏன் இல்லாத வார்த்தையைக் கேட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலையாட்டலை வார்த்தையாக எடுத்துக்கொண்டு பிழைக்கிறவர்கள், அதை வார்த்தையாகத்தானே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? நாம்தான் பத்துப் பைசாவுக்கு ஆகாத ஒப்புதலுக்கெல்லாம் நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம்... விரலாலும்.

அதிகாரி ஃபைலை வரவழைத்தார். புரட்டினார். மதிப்பீடு போட்டு, கையெழுத்துக்காக அது பல மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டார். மழைக்கு முன்னால் வேலை தொடங்கிவிடுமா என்று எஸ்தர் கேட்டார். அவர் சிரித்தபடி தலையை ஆட்டினார்.

எஸ்தர் இடுப்பிலிருந்து போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"வாயத் தொறந்து சொல்லிடுங்க சார். ரிகார்டு ஆய்க்கினு கீது."

அவர் சொன்னார். தேதியோடு சொன்னார். அந்தப் பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி யாரும் என்னைத் தேடி வரவில்லை – அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு பெண்கள் வீட்டுப் போனிலும் அது இருந்தது.