சீகிரியா எரிமலையா? இரண்டு கற்களோடு ஒரு காலைப் பயணம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் சீகிரியா போனது குன்று ஏறுவதற்காக இல்லை. அங்கே ஹோட்டலில் வேலை பார்க்கும் என் கணவருக்கு அன்று பத்து மணிக்கு அந்த ஹோட்டல் மண்டபத்திலேயே வழிகாட்டி லைசென்சுக்கான நேர்முகப் பரீட்சை. ஏற்கெனவே ஒரு முறை அதில் தோற்றிருந்தார். இந்த முறையும் தோற்றால் இனி முயலப்போவதில்லை என்று சொல்லியிருந்தார்.

முந்தின நாள் மாலை போனில் தன் பேச்சை ஒப்பித்துக் காட்டினார். “இந்தக் குன்று பழைய எரிமலையோட தொண்டையில உறைஞ்ச குழம்பு” என்றதும் எனக்குப் பகீரென்றது. நான் புவியியல் ஆசிரியை. தப்பு என்றேன். போனை வைத்துவிட்டார்.

காலை 6.10க்கு மாத்தளையில் பஸ் ஏறினேன். தம்புள்ளைக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். வழியில் நாவுலயில் சாரதி டீ குடிக்க இறங்கிவிட்டார்.

“அண்ணே, எனக்கு அவசரமுங்க.”

“போயிரலாம் மிஸ், ஒரு டீதானே!”

அந்த ஒரு டீயால் தம்புள்ளையில் சீகிரியா பஸ் தவறியது. 1,500 ரூபாய் கொடுத்து ஆட்டோ பிடித்தேன். வயிற்றெரிச்சல்!

ஒன்பது மணிக்கு ஹோட்டல் வாசலில் அவர் கையில் இரண்டு கற்களைத் திணித்தேன். ஒன்று நான் இந்தியச் சுற்றுலாவில் எடுத்துவந்த பசால்ட். எரிமலைக் குழம்பு தரைக்கு மேல் வந்து சட்டென்று ஆறியது, அதனால் கண்ணுக்குக் கனிம மணிகளே தெரியாத கறுப்புக் கல். மற்றது சமையலறை மேடை வெட்டும் கடையில் கேட்டு வாங்கிய கிரனைட் துண்டு. பூமிக்குள் மெதுவாக ஆறியதால் உப்புக்கல் அளவுக்கு மணிகள். பிறந்த இடமும் மணியின் அளவும்தான் இந்தப் பாறைகளைப் பிரிக்கும் முதல் அடையாளம். எந்தக் கனிமம் என்பது அடுத்தது. கிரனைட்டில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் அதிகம், பசால்ட்டில் அது இல்லையென்றே சொல்லலாம்.

“சீகிரியா ரெண்டாவது கல்லோட உறவு. கிரனைட் மாதிரிக் கல்லு, ஆழத்துல மறுபடி வெந்து நசுங்கி வரி வரியா ஆயிருச்சு. அதனால இப்ப அது உருமாறின பாறை. சுத்தி இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு, இது மட்டும் மிஞ்சி நிக்குது.”

“இங்க எல்லாரும் எரிமலைன்னுதான் சொல்றாங்க. பரீட்சை வைக்கிறவங்களும் அதையே நம்பிக்கிட்டிருந்தா? உன்னால என் லைசென்ஸ் போயிரும்!”

எனக்குப் பயமாக இருந்தது, உண்மையாகவே. அவர் முகம் கொடுக்காமல் உள்ளே போனார். கற்களை மட்டும் கீழே போடவில்லை.

மண்டபத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எரிமலை என்றே சொல்லியிருக்கட்டும் என்றுகூட ஒரு கட்டத்தில் வேண்டிக்கொண்டேன். ஆசிரியைக்கு அழகா இது? ஆனால் வேண்டினேன்.

வெளியே வந்தவரின் சட்டை நனைந்திருந்தது.

“எரிமலைதானேன்னு அவங்களே கேட்டாங்க.”

“நீங்க?”

“இல்லைங்கன்னேன். அப்ப இவ்வளவு நாளா ஹோட்டலுக்கு வர்றவங்களுக்கு என்ன சொன்னீங்கன்னு கேட்டாங்க. எரிமலைன்னுதான் சொன்னேன், நேத்து வரைக்கும்னேன்.”

“அப்புறம்?”

“கல்லு ரெண்டையும் மேசையில வச்சேன். மூணு பேரும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல.”

முடிவு வர மூன்று வாரம் ஆனது.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கு முன்பே ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குளவிக் கூடுகள் உண்டு என்பதால் மேலே சத்தம் போடாதீர்கள். நாவுலயில் டீ குடிக்கும் சாரதியிடம் கெஞ்சிப் பயனில்லை, ஒரு பஸ் முன்னதாகவே கிளம்புங்கள். அடிவாரத்தில், படியில் கால் வைக்கும் முன் பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்து உங்கள் கையில் தரும் வழிகாட்டி கிடைத்தால், அவர் கழுத்தில் தொங்கும் புது அட்டையைக் கொஞ்சம் பாருங்கள். அவர்தான் என் வீட்டுக்காரர்.